நாலாம் மாடிக்கு வந்த மல்லிகை

அம்சவேணி கதவைத் தட்டியபோது பிரான்சிஸ் அடுப்படியில் வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார். பல வருஷம் சரக்குக் கப்பல்களில் சமையல்காரராக உலகம் சுற்றியவர் அவர். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு இரண்டே ஆசைகள் மிச்சம் இருந்தன. ஒன்று சமைப்பது, மற்றது துப்பறிவது. சமையல் அவருக்கு நன்றாக வரும்.

அவருடைய மனைவி ஜூடித் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். எரிந்துபோன கடை, மூழ்கிப்போன சரக்கு என்று ஜனங்கள் கொண்டுவரும் கதைகளைக் கேட்டு, எது நடந்தது, எது ஜோடித்தது என்று பார்ப்பது அவர் வேலை. இன்றைக்கும் பர்மாவின் யங்கோன் தமிழர்கள் வீட்டில் நகை காணோம், ஆள் காணோம் என்றால் ஜூடித்தைத்தான் தேடி வருகிறார்கள். பிரான்சிஸும் கூடவே போவார். கணவனும் மனைவியும் கேலியும் கிண்டலுமாகக் கொலைகாரனைப் பிடிக்கிற பழைய ஹாலிவுட் கறுப்புவெள்ளைப் படம் ஒன்றைக் கப்பலில் அவர் அலுக்காமல் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார். தாங்கள் இருவரும் அந்த ஜோடிதான் என்பது அவருடைய எண்ணம். படத்தில் கண்டுபிடிப்பது கணவர். இந்த வீட்டில் அப்படி ஒரு தடவைகூட நடந்ததில்லை.

அம்சவேணி ஈரக் குடையை மடக்காமலே உட்கார்ந்தாள்.

"அக்கா, பேய் பூ வாங்கிட்டு வருமா?" என்று கேட்டாள்.

பிரான்சிஸ் கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தார். ஜூடித் அவரைத் திரும்பிப் பார்க்காமலே, "பஜ்ஜி கருகுதுங்க," என்றார். பிறகு அம்சவேணியிடம், "முதல்லேருந்து சொல்லு," என்றார்.

சொன்னாள். அவளுடைய கணவர் அய்யாசாமி, அக்கரை டலாவுக்கு ஆற்றைக் கடந்து ஆள் ஏற்றிப்போகும் சம்பான் என்னும் மோட்டார் படகு ஓட்டியவர். போன மழைக்காலத்தில் நடு ஆற்றில் காற்றடித்துச் சம்பான் கவிழ்ந்தது. சிலர் பிழைத்தார்கள். சிலர் பிணமாகக் கரை ஒதுங்கினார்கள். அய்யாசாமி எந்தப் பக்கமும் கிடைக்கவில்லை.

"பூவையும் பொட்டையும் அன்னிக்கே எடுத்துட்டாங்க. உடம்பு கிடைக்காததால தாலி மட்டும் கிடக்குது. வருஷம் திரும்பட்டும், திதி குடுத்துட்டுக் கழட்டிக்கலாம்னு பெரியவங்க சொன்னாங்க. வர்ற வெள்ளிக்கிழமை திதி. கொழுந்தன் இராமையா எல்லாத்தையும் ஐயருகிட்ட பேசிட்டான். இப்பப் பார்த்து மணி அடிக்குது அக்கா."

"கயிற்று மணியா?"

"ஆமா."

யங்கோன் நகரத்தின் நடுவே, கியாக்டடா பக்கத்துப் பழைய கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு வீட்டு பால்கனியிலிருந்தும் தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்கும். மேல் நுனியில் சின்ன மணி, கீழ் நுனியில் ஒரு கிளிப். வந்தவர் கீழே நின்று இழுத்தால் மேலே மணி அடிக்கும். சாவியோ பேப்பரோ பலகாரமோ கிளிப்பில் மாட்டினால் வீட்டுக்காரர் மேலே இழுத்துக்கொள்வார். பாதி நாள் மின்சாரம் இல்லாத இந்தக் காலத்தில் கயிற்று மணிக்கு மவுசு கூடியிருக்கிறது.

"வேலை முடிச்சு வந்தா அவரு ரெண்டு இழுப்பு இழுப்பாரு. சட்டுனு ஒண்ணு, நிறுத்தி ஒண்ணு. கிளிப்புல ஒரு முழம் மல்லிகை இருக்கும். நான் நாலு மாடி ஏறி வர்றதுக்குள்ள தலையில வச்சுக்கம்பாரு. கொஞ்ச நாளா அதே மாதிரி அடிக்குது. ஓடிப்போயிப் பார்த்தா தெருவுல ஆள் இல்ல. இழுத்தா மல்லிகை வருது." அவள் குடையின் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். "முதல் தடவை எனக்குப் பயமே வரல அக்கா. சந்தோஷமா இருந்துச்சு. அதை நினைச்சாத்தான் இப்பப் பயமா இருக்கு."

"வேற ஏதாவது வித்தியாசமாப் பட்டுச்சா?"

"முந்தாநாள் மழையில தெருவெல்லாம் முழங்கால் தண்ணி. யார் நடந்தாலும் சளக்குனு கேக்கும். ஒரு சத்தம் இல்ல. பூ மட்டும் வந்துச்சு. அதுவும் அவரு இருந்தப்ப வந்ததைவிடச் சீக்கிரமா கைக்கு வந்துச்சு. அவரே பாதி மாடி ஏறி வந்து குடுத்த மாதிரி."

பிரான்சிஸுக்குப் புல்லரித்தது. பஜ்ஜித் தட்டை மேஜைமேல் வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"வீட்டுல துணைக்கு யாரு?" என்று கேட்டார் ஜூடித்.

"யாருமில்ல. முதல் மாடி நீலாக்கா தினமும் வந்து உட்காருவாங்க. அவங்க வீட்டுக்காரர் சிவராஜ் அண்ணனும் அதே சம்பான்ல போனவருதான். எங்க ரெண்டு பேருக்குமே பிள்ளை இல்ல. சேர்ந்து உட்கார்ந்து அழுவோம். இப்பக் கொஞ்ச நாளா முட்டி வலி, மாடி ஏற முடியலன்னு அவங்களும் வர்றதில்ல." அவள் தலை நிமிர்ந்தாள். "ஐயரு ஆத்மா அலையுதுங்கறாரு. சீக்கிரம் திதியைக் குடுத்துத் தாலியைக் கழட்டிடுன்னு இராமையா சொல்றான். நான் கேக்குறது ஒண்ணுதான். அவரு செத்துட்டாரா, இல்லையா? வெள்ளிக்கிழமை இதை நான் கழட்டணுமா, வேண்டாமா?"

கேட்கிறவரைத் திருப்திப்படுத்துவதற்காக எதையும் சொல்கிற பழக்கம் ஜூடித்துக்கு இல்லை.

"சாயங்காலம் வர்றோம்," என்றார்.

போகும் வழியில் சூலே பகோடா சந்திப்பில், கார்களுக்கு நடுவே பூ விற்கும் பெண்ணிடம் பிரான்சிஸ் ஒரு சரம் மல்லிகை வாங்கி மனைவியிடம் நீட்டினார். காலையில் பஜ்ஜி கருகியதற்குப் பரிகாரம். ஜூடித் சிரித்துவிட்டுத் தலையில் வைத்துக்கொண்டார்.

அம்சவேணி இருந்த கட்டடம் குறுகலான தெருவில், மழைப்பாசி பிடித்து நின்றது. கீழே முஜிபுர் ரஹ்மானின் டீக்கடை. அதற்கு மேல் ஒவ்வொரு மாடிக்கும் ஒரு பால்கனி, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு தகரச் சார்ப்பு. கயிறுகள் சார்ப்புகளை ஒட்டினாற்போல் வரிசையாகத் தொங்கின. மழைக்குக் கட்டிய நீலத் தார்ப்பாய்க்குக் கீழே முஜிபுர் ரஹ்மான் நின்றுகொண்டிருந்தார்.

"முந்தாநாள் தண்ணி வந்தப்ப பெஞ்சு மேல ஏறி நின்னு தெருவையே பார்த்துக்கிட்டு இருந்தேன்மா," என்றார் அவர். "எப்ப உள்ள வருமோன்னு பயம். ஒரு மனுஷன் நடக்கல. மேல மணி அடிச்சது கேட்டுச்சு. அல்லா மேல ஆணையாச் சொல்றேன், கயித்துக்கிட்ட ஆளே இல்ல."

"தார்ப்பாய்க்கு அடியில நின்னா மேல தெரியுமா?" என்று கேட்டார் ஜூடித்.

"மேல என்னத்தைப் பார்க்க? பேய் மேலேருந்தா வரும்?"

மாடிப்படியில் அவர்களுக்கு முன்னால் ஒரு பெண் இரண்டு கைகளிலும் தண்ணீர் வாளியோடு ஏறிக்கொண்டிருந்தாள். பகலெல்லாம் மின்சாரம் இல்லாமல் மோட்டார் ஓடியிருக்காது, தெருக் குழாயில் பிடித்த தண்ணீர். பிரான்சிஸ் பாய்ந்து போய் ஒரு வாளியைக் கேட்டார். அவள் தரவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல், ஒரே மூச்சில் ஏறி, முதல் மாடிக் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டாள். அவள்தான் நீலாம்பாள்.

"கோபக்காரி போல," என்றார் பிரான்சிஸ்.

"முட்டி வலிக்காரி," என்றார் ஜூடித்.

இரண்டாம் மாடியில் அஷ்ஃபாக் என்ற இளைஞன் செல்போன் ரிப்பேர் செய்துகொண்டிருந்தான். பர்மிய லோஞ்சிக் கைலியும் தமிழ் மீசையுமாக, தமிழை யோசித்து யோசித்துப் பேசினான். "நான் இந்த வருஷம் திஞ்ஞான் தண்ணித் திருவிழா முடிஞ்சுதான் இங்க வந்தேன் அன்ட்டி. அந்த அங்கிளைப் பார்த்ததே இல்ல. மணி அடிச்சா எனக்கும் பயம்தான். விளக்கு வேற இருக்காது." மூன்றாம் மாடி பூட்டிக் கிடந்தது. அந்தக் குடும்பம் ஜப்பானுக்குப் போய்விட்டது. சாவி இராமையாவிடம் இருக்கிறது என்று அவனே சொன்னான். பிரான்சிஸ் மனைவியின் முதுகில் லேசாக இடித்தார். அவருக்குக் குற்றவாளி கிடைத்தாகிவிட்டது.

அந்த இராமையா நாலாம் மாடியில் அண்ணியின் கூடத்தில் உட்கார்ந்து, திதிக்கு வேண்டிய சாமான்களைச் சொல்லிக்கொண்டிருந்தான். புறநகர் ஷ்வேப்யிதாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன். நல்ல உடம்பு, அவசரக் குணம். "ஆவியைக் கண்டுபிடிக்க வந்திருக்கீங்களா?" என்று பிரான்சிஸிடம் கேட்டான். அதில் கேலி இருந்தாலும் கண்ணில் பயம் இருந்தது.

சுவரில் அய்யாசாமியின் படம் இருந்தது. மாலை போடவில்லை. மாலை போடுவதா வேண்டாமா என்று தெரியாத வீடு அது. ஒரு வருஷமாக ஒரு பெண் அந்தப் படத்தின் எதிரில் இரண்டு மனசோடு சாப்பிட்டு, இரண்டு மனசோடு படுத்து எழுந்திருக்கிறாள். ஜூடித்துக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"மீ ப்யத்துடுச்சு, கரண்ட் போச்சு," என்றாள் அம்சவேணி. விளக்கும் மின்விசிறியும் சேர்ந்து நின்றன. எதிர்க் கட்டடம் இருண்டது. தெருவின் எங்கோ ஒரு கோடியில் ஜெனரேட்டர் இருமிக்கொண்டு கிளம்பியது.

மணி அடித்தது. சட்டென்று ஒன்று. பிறகு ஒரு நிறுத்தம். பிறகு ஒன்று.

இராமையாவின் முகத்தில் ரத்தம் இல்லை. அம்சவேணி படத்தின் பக்கம் திரும்பி, "வந்துட்டாரு," என்றாள். அந்தக் குரலில் இருந்த ஆசையைக் கேட்டு பிரான்சிஸ் ஒரு கணம் அவளையே பார்த்தார். அடுத்த கணம் கடமை நினைவுக்கு வந்து, வாசலுக்குப் பாய்ந்து, படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினார்.

ஜூடித் பால்கனிக்குப் போனார். எட்டிப் பார்த்தால் கீழ்வீட்டுத் தகரச் சார்ப்புகளும் அவற்றைத் தாண்டி இருட்டும்தான் தெரிந்தன. கயிறு தானாக ஆடிக்கொண்டிருந்தது. அம்சவேணியை நகரச் சொல்லிவிட்டு, தாமே அதைப் பிடித்து இழுத்தார். கை மாற்றிக் கை மாற்றி இழுக்க, கிளிப் வந்தது. ஒரு முழம் மல்லிகை அதில் இருந்தது.

கீழேயிருந்து பிரான்சிஸின் குரல் கேட்டது. "ஜூடி! ஒருத்தரும் இல்ல! நான் சாக்கடையில விழுந்துட்டேன்!"

"அங்கேயே இருங்க!" என்று கத்தினார் ஜூடித். கிளிப்பை மறுபடி கீழே விட்டார். "உங்க குடையை மாட்டுங்க!"

குடை மாட்டப்பட்டது. ஜூடித் இழுத்தார். இந்தத் தடவை இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. தோள் வலிக்கும்போதுதான் குடை கைக்கு எட்டியது. அவர் அதைச் சுவரில் சாய்த்துவிட்டு, தம் தலையிலிருந்த பூவைக் கழற்றி, வந்த பூவோடு சேர்த்து டார்ச் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். சூலே சந்திப்பில் வாங்கியது பர்மியச் சரம். ஊசியால் ஒவ்வொரு பூவையும் குத்திக் கோத்தது. கயிற்றில் வந்தது, வாழைநாரில் இரண்டிரண்டாக முடிச்சுப் போட்டுக் கட்டியது. மொட்டுகள் இன்னும் வாய் திறக்கவில்லை.

"நாளைக்குச் சாயங்காலம் இந்தக் கட்டடத்துல இருக்கிற எல்லாரையும் இங்க கூப்பிடு," என்றார் ஜூடித். "நீலாம்பாளையும். மாடி ஏற முடியாதுன்னா எங்க வீட்டுக்காரரு தூக்கிட்டு வருவாருன்னு சொல்லு."

மறுநாள் எல்லாரும் வந்தார்கள். அஷ்ஃபாக் வாசல் பக்கம் நின்றான். இராமையா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நீலாம்பாள் கடைசியில் வந்து சுவரோரம் தரையில் உட்கார்ந்து, முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டாள். விடிந்தால் வெள்ளிக்கிழமை.

பிரான்சிஸுக்கு இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு கூடத்தின் நடுவில் வந்து நின்றார்.

"மூணாம் மாடிச் சாவி யாருகிட்ட இருக்கு? அண்ணி பயந்து தாலியைக் கழட்டணும்னு அவசரப்படுறது யாரு? இந்தத் தம்பிதான்!"

இராமையா எழுந்துவிட்டான். "என் அண்ணன் பேரைச் சொல்லி நான் விளையாடுவேனா? அவரு வளர்த்த பிள்ளை நான். அவரு ஆத்மா தெருவுல நிக்குதேன்னு வயிறெரிஞ்சு திதிக்கு அலையுறேன். அதுக்கு இந்தப் பேரா?" அவனுக்கு அழுகை வந்துவிட்டது. "தவிர, மணி அடிக்கும்போது நான் உங்க பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தேன்!"

பிரான்சிஸ் மனைவியைப் பார்த்தார்.

"உட்காருங்க," என்றார் ஜூடித் அன்பாக. "நல்லாத்தான் சொன்னீங்க. அந்த ஒரு இடம்தான் இடிக்குது."

பிறகு அவர் எல்லாரையும் பார்த்துப் பேசினார்.

"தெருவுல யாருமில்லன்னு முஜிபுர் பாய் சொல்றது நிஜம். ஏன்னா மணி அடிச்சது தெருவுலேருந்து இல்ல. நாலாம் மாடிக் கயிறு கீழ எல்லா பால்கனியையும் உரசிக்கிட்டுத்தான் இறங்குது. யார் வேணாலும் கையை நீட்டி நுனியை மேல இழுத்து, பூவை மாட்டி, ரெண்டு இழுப்பு இழுத்துட்டு, நுனியைத் தெருவுக்கு விடாம பால்கனிக் கம்பி மேலயே வச்சுடலாம். கீழ இருக்கிறவங்களுக்குத் தார்ப்பாய் மறைக்குது. மேல இருக்கிறவங்களுக்குச் சார்ப்பு மறைக்குது. இருட்டு வேற. பூ சீக்கிரமா வந்துச்சுன்னு அம்சா சொன்னா. நேத்து நானே இழுத்துப் பார்த்தேன். பூ வந்த தூரத்தைவிட, தெருவுலேருந்து குடை வந்த தூரம் அதிகம். ஆனா பூ வந்ததும் கொஞ்ச தூரம் இல்ல. மூணாம் மாடின்னா கைக்கெட்டுற தூரம்தான், அங்கேருந்து வரல. கீழ் மாடிகள்ல ஒண்ணுலேருந்து வந்திருக்கு."

"அன்ட்டி, நான் இல்ல," என்றான் அஷ்ஃபாக் பதறிப்போய்.

"நீ இல்லப்பா. அய்யாசாமி எப்படி மணி அடிப்பாருன்னு உனக்கு எப்படித் தெரியும்? நீ வர்றதுக்கு முன்னாடியே அவரு போயாச்சு."

யாரும் நீலாம்பாளைப் பார்க்கவில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அம்சவேணி மட்டும் நம்பாமல், "நீலாக்காவா? நீலாக்கா ஏன் என்னைப் பயமுறுத்தணும்?" என்றாள்.

"அதுதான் என்னையும் ராத்திரியெல்லாம் தூங்கவிடல," என்றார் ஜூடித். "யோசிச்சுப் பாரு. பர்மாக்காரங்க வீட்டுல புருஷன் போனாலும் பூ வைப்பாங்க. அவங்க யாராவது பாவம்னு உனக்குப் பூ அனுப்பலாம். ஆனா அவங்க கோத்துத்தான் அனுப்புவாங்க, இப்படி நாருல முடிச்சுப் போட்டுக் கட்ட மாட்டாங்க. இது தமிழ்க் கை. தமிழ்க் கை, தாலி அறுக்கப் போற பொண்ணுக்கு மல்லிகை கட்டி அனுப்புமா? கனவுலயும் செய்யாது. அப்ப இந்தப் பூவைக் கட்டினவங்களுக்கு நீ தாலி அறுக்க வேண்டியவ இல்லன்னு தெரிஞ்சிருக்கணும்."

அம்சவேணியின் கை தாலிக்குப் போனது.

"ஒரு நம்பிக்கையில அனுப்பியிருக்கலாமே," என்றார் பிரான்சிஸ் மெதுவாக.

"வெறும் நம்பிக்கைன்னா வருஷம் பூரா அனுப்பியிருக்கணும். இது இப்பத்தான் ஆரம்பிச்சது. ஆரம்பிச்ச அதே சமயம், தினமும் வந்து உட்கார்ந்தவங்க வர்றதை நிறுத்திட்டாங்க. ரெண்டு வாளித் தண்ணியோட படி ஏறுறவங்களுக்கு இந்த வீட்டுப் படி மட்டும் ஏற முடியல. ஏதோ பார்த்திருக்காங்க. பார்த்ததைச் சொல்லவும் முடியல, சொல்லாம இருக்கவும் முடியல." ஜூடித் தரையில் நீலாம்பாளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "எங்கே பார்த்தீங்கம்மா?"

நீலாம்பாள் தோளைச் சுற்றியிருந்த முந்தானையைத் தளர்த்தினாள்.

"இன்சீன் சந்தையில," என்றாள். "கோயிலுக்குப் பூ வாங்கப் போனேன். ஒருத்தன் மூட்டை தூக்கிட்டு எதிர்ல வந்தான். மொட்டைத் தலை. நான்தான் முதல்ல பார்த்தேன். என்னைப் பார்த்ததும் மூட்டையைப் போட்டுட்டு என் காலைப் பிடிச்சுக்கிட்டான்."

"அண்ணனா?" என்று கத்தினான் இராமையா. "அண்ணன் உயிரோட இருக்காரா?"

"சம்பான் கவிழ்ந்தப்ப எங்க வீட்டுக்காரரு இவன் காலைப் பிடிச்சுக்கிட்டாராம். ரெண்டு பேருமே முழுகிடுவோம்னு இவன் உதறிட்டான். உதறினதாலதான் கரை ஏறினானாம். ஏறினப்புறம் என் மூஞ்சியில எப்படி முழிக்கிறதுன்னு அப்படியே போயிட்டானாம். சந்தைக்குப் பின்னால ஒரு கொட்டகையில படுத்துக்கிறானாம். இதை எங்கிட்டயே சொல்றான். சொல்லிட்டு, யாருகிட்டயும் சொல்லாதீங்க அக்கான்னு அழறான். நான் அவன் கையை உதறிட்டு ஓடி வந்துட்டேன்."

அம்சவேணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உங்கிட்ட சொல்லணும்னு உன் வாசல் வரைக்கும் வந்தேன்டி. உன் புருஷன் இருக்கான்னு சொல்ல என் வாய்க்கு வரல. எம் புருஷன் இல்லையே! உன்னைப் பார்த்தா வயித்தெரிச்சலா இருந்துச்சு. அதோட, வெள்ளிக்கிழமை நீ இதைக் கழட்டுவேன்னு நினைச்சாலும் மனசு ஆறல. எத்தனை வருஷம் அந்தப் பூ என் பால்கனியைத் தாண்டி மேல போயிருக்கு! அதே மாதிரி அனுப்பினா, அவன் இருக்கான்னு நீயே புரிஞ்சுக்குவேன்னு நினைச்சேன். நீ பேயின்னுட்ட."

தாலியைக் காப்பாற்ற அனுப்பிய பூ, அதைக் கழற்ற எல்லாரையும் அவசரப்படுத்தியிருந்தது. அதை நினைக்க ஜூடித்துக்கே வேதனையாக இருந்தது.

"அவரு சாப்பிடறாரா?" என்று கேட்டாள் அம்சவேணி.

"இளைச்சுத்தான் கிடக்குறான்."

அதைக் கேட்டதும் அவள் வாய்விட்டு அழுதாள். ஒரு வருஷமாக அழுத அழுகை இல்லை இது. நீலாம்பாள் கிட்டே போகவும் இல்லை, எழுந்து வெளியே போகவும் இல்லை. இராமையா அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் செல்போனை எடுத்தான். "ஐயருகிட்ட சொல்லிடுறேன் அண்ணி. நாளைக்கு ஒண்ணும் வேண்டாம்."

"போனை வை," என்றாள் அம்சவேணி. முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். கோபம் இப்போதுதான் வந்திருந்தது. "ஒரு வருஷம் நான் செத்துச் செத்துப் பிழைச்சிருக்கேன். நீலாக்கா மூஞ்சியில முழிக்க வெட்கமாம், என் மூஞ்சியை நினைக்கவே இல்ல. திதி நாளைக்கு நடக்கும். சிவராஜ் அண்ணனுக்கு நடக்கும். அவருக்கு எள்ளும் தண்ணியும் விட யாரு இருக்கா? உங்க அண்ணன் வந்து உட்காரட்டும். எந்தக் காலால உதறினாரோ, அந்தக் காலை மடக்கி உட்கார்ந்து, அவரு கையால விடட்டும். நான் இதைக் கழட்டுறதா வேண்டாமான்னு அதுக்கப்புறம் பார்த்துக்கறேன்." பிறகு குரல் தாழ்ந்து, நீலாம்பாளிடம் கேட்டாள். "உங்களுக்குச் சம்மதமா அக்கா?"

சந்தைக்குப் பின்னால் அய்யாசாமி எந்தக் கொட்டகையில் படுக்கிறான் என்பதை நீலாம்பாள் இராமையாவிடம் சொன்னாள்.

காலையில் மழை விட்டிருந்தது. ஆற்றங்கரைப் படித்துறையில் ஐயர் தர்ப்பையையும் எள்ளையும் எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். அவருக்கு எதிரில் போட்டிருந்த மணை காலியாக இருந்தது. இராமையா நகரைச் சுற்றி ஓடும் முதல் ரயிலில் இன்சீன் போயிருந்தான்.

"வருவாருன்னு நினைக்கிறியா?" என்று கேட்டார் பிரான்சிஸ்.

"தெரியலைங்க."

"உனக்கே தெரியலையா!" என்றார் அவர். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். ஜூடித் விடுவித்துக்கொள்ளவில்லை.

இராமையாவுக்குப் பின்னால் ஒருவன் வந்தான். மொட்டைத் தலை, தொளதொளத்த சட்டை, சாயம் போன லோஞ்சி. படத்தில் பார்த்த முகத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. படித்துறையின் மேல்படியிலேயே நின்றுவிட்டான். அதற்கு மேல் கால் வரவில்லை. அம்சவேணி அவனைப் பார்த்தாள். அவனிடம் ஓடிப் போய்விடுவாளோ என்று இருந்தது. பற்களைக் கடித்துக்கொண்டு ஆற்றின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நீலாம்பாள்தான் எழுந்து படி ஏறினாள். அவள் கிட்டே வந்ததும் அவன் சரிந்து, இரண்டு கைகளாலும் அவள் கால்களைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, அண்ணன் பிடிச்சது இன்னும் இங்கதான் இருக்கு அக்கா," என்று தன் கணுக்காலைக் காட்டி அழுதான்.

அவள் உதறவில்லை. நகரவும் இல்லை. அவன் அழுது முடிக்கிறவரைக்கும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எந்திரி அய்யாசாமி," என்றாள் பிறகு. "வந்து உட்காரு. அவருக்குப் பசிக்கும்."